கிராபிக்ஸ் கார்டு ஃபேன் நின்றுவிட்டதா? காரைக்குடி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் என்று சுற்றுவட்டாரத்திலிருந்தும் சிஸ்டங்கள் வரும். கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்காரர்கள், இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள், வீட்டில் கேம் ஆடுகிறவர்கள் எல்லோரும் கிராபிக்ஸ் கார்டை, அதாவது திரைக்குப் படம் அனுப்பும் பலகையை, கையில் எடுத்துக்கொண்டு வந்து சொல்வது ஒரே வாக்கியம்: “அண்ணே, கார்டு போச்சு.” பிரித்துப் பார்த்தால் பல நேரம் போனது கார்டு இல்லை. சில நூறு ரூபாய் ஃபேன்தான் போயிருக்கும். நல்ல சிப்பைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் புதுக் கார்டுக்குக் கடன் வாங்கியவர்களைப் பார்த்த வருத்தத்தில்தான் இந்தக் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை இது. அவசரம் மட்டும் கூடாது.

ஃபேன் சுற்றவே இல்லை. கார்டு போய்விட்டது என்று அர்த்தமா?

இல்லை. திரையில் படம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். படம் வந்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஹேங் ஆகிறது, அல்லது கேம் ஆரம்பித்ததும் திரை கறுத்துவிடுகிறது என்றால் சிப் உயிரோடு இருக்கிறது. சூடு தாங்காமல் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சும்மா இருக்கும்போது ஃபேன் நிற்கிறது, சில நேரம் சுற்றுகிறது. இது பழுதா?

பெரும்பாலும் இல்லை. கடந்த பத்து வருடத்தில் வந்த பல கார்டுகளில் ஒரு குறிப்பிட்ட சூடு வரும் வரை, ஏறக்குறைய 50 முதல் 60 டிகிரி வரை, ஃபேன் சுற்றாது. சத்தம் குறைய வேண்டும் என்று கம்பெனியே அப்படி அமைத்திருக்கிறது. இது தெரியாமல் புது ஃபேன் வாங்கி வந்தவர்கள் உண்டு. வேலை கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்படியென்றால் ஃபேன்தான் பழுது என்று எப்படி உறுதி செய்வது?

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். வேறு கம்பெனி கார்டு என்றாலும் வேலை செய்யும். அதில் ஃபேன் வேகத்தைத் தானியங்கியிலிருந்து மாற்றி 100 சதவீதம் வையுங்கள். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணால் பாருங்கள். நான்கு விதமாக நடக்கலாம்.

வேகமாகச் சுற்றினால் ஃபேன் நன்றாக இருக்கிறது, சூட்டுக்குக் காரணம் வேறு. விரலால் லேசாகத் தள்ளிவிட்டால் மட்டும் சுற்றத் தொடங்கினால் உள்ளே பேரிங் வறண்டிருக்கிறது. மெஷினை அணைத்துவிட்டுத் தள்ளினால் வழுவழுவென்று சுற்றுகிறது, மின்சாரம் கொடுத்தால் அசையவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது, அல்லது கார்டிலிருந்து 12 வோல்ட் வரவில்லை. கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு இறக்கை ஆடினால் நடு அச்சு தேய்ந்துவிட்டது, இன்னும் சில நாள்தான் ஓடும்.

சூட்டைப் பார்க்கத் தனி மென்பொருள்கூட வேண்டாம். 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து டாஸ்க் மேனேஜரிலேயே கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலை தெரியும்.

எத்தனை டிகிரி வரை கவலைப்பட வேண்டாம்? நம் ஊர் வெயிலுக்குக் கணக்கு மாறுமா?

மாறும். இதை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஹீட்சிங்க் (சிப்பின் மேல் அழுத்தி மாட்டியிருக்கும் உலோகத் தகட்டுக் கட்டி) தானாகச் சிப்பைக் குளிர்விப்பதில்லை. சிப்பின் சூட்டை வாங்கி அறையின் காற்றுக்குக் கொடுக்கிறது. ஆகவே சிப் எப்போதும் அறையை விட இத்தனை டிகிரி அதிகம் என்றுதான் இருக்கும். ஒரே வேலை, ஒரே ஃபேன் வேகம் என்றால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மாறாது. 25 டிகிரி அறையில் 68 டிகிரி காட்டும் கார்டு, சித்திரை வைகாசியில் 37 டிகிரி அறையில் 80 காட்டும். கார்டில் எந்தக் குறையும் இல்லாமலே இது நடக்கும். இணையத்தில் குளிர் நாட்டுக்காரர்கள் போடும் எண்ணை வைத்து நம் கார்டைக் குறை சொல்லக்கூடாது.

பொதுவாக வேலை நேரத்தில் 65 முதல் 80 வரை இருந்தால் நான் தொடமாட்டேன். 83, 85 என்று போகும்போது பல கார்டுகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் திணறுவது அதனால்தான். இங்கே நிறையப் பேர் வைத்திருக்கும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ சிப்புக்கு உச்ச வரம்பு 97 டிகிரி என்று அதைச் செய்த என்விடியா கம்பெனியே குறிப்பிட்டிருக்கிறது. அந்த எல்லையில் தினமும் ஓட்டுவதற்காகச் சொன்ன எண் அல்ல அது.

நாளைக்கு ஆல்பம் கொடுத்தாக வேண்டும். ஃபேன் இல்லாமல் ரெண்டு நாள் ஓட்டலாமா?

முகூர்த்த மாதங்களில் இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. ஒரு ஆவணி மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார். காலையில் ஆல்பம் பிரிண்டுக்குப் போக வேண்டும், கார்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரையை அணைக்கிறது. நான் சொன்னது இதுதான்: உங்கள் பிராசஸரில் உள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டில் மாட்டுங்கள். மெதுவாக இருக்கும், ஆனால் வேலை நடக்கும். அந்த வசதி இல்லையென்றால் கேபினெட்டைத் திறந்து வைத்து டேபிள் ஃபேனைக் கார்டுக்கு நேராகத் திருப்புங்கள். ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் வரம்பை) எவ்வளவு குறைக்க முடியுமோ குறையுங்கள். வெப்பநிலையில் ஒரு கண் இருக்கட்டும். அவருக்கு அன்றிரவு டேபிள் ஃபேன்தான் கைகொடுத்தது.

ஒரு ராத்திரிக்கு இது போதும். பழக்கமாக்கிவிடக் கூடாது. சிப்புக்கும் அதன் அடித்தட்டுக்கும் நடுவே நுணுக்கமான ஈயப் பொட்டுகள் இருக்கின்றன. மிகையாகச் சூடாகி ஆறி, சூடாகி ஆறி அவற்றில் விரிசல் விழும். 2008 ஜூலையில் என்விடியா கம்பெனி, தன் லேப்டாப் சிப்புகள் சிலவற்றில் வழக்கத்துக்கு மீறிச் செயலிழப்பு வருகிறது என்று அறிவித்து, 15 முதல் 20 கோடி டாலர் வரை செலவுக்கு ஒதுக்கியது. சிப்பைச் சுற்றி உபயோகித்த பொருள் பலவீனமானது என்பதுதான் காரணம். இப்போதைய சிப்புகள் அதைவிடத் தேவலை, ஆனாலும் ஃபேன் இல்லாமல் ஓட்டினால் அதே விதமான பாரத்தைத்தான் அவற்றின் மேல் ஏற்றுகிறோம்.

ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஸ்லீவ் பேரிங் ஃபேன் (குண்டுகள் இல்லாமல், அச்சு ஒரு குழாய்க்குள் எண்ணெய்ப் பசையில் சுற்றும் வகை) என்றால் கொஞ்ச நாளைக்குச் சரியாகும். நடுவில் உள்ள ஸ்டிக்கரை ஓரமாக உரித்து, கீழே ரப்பர் மூடி இருந்தால் நீக்கி, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கையால் சுற்றிவிட்டு, வழிந்ததைத் துடைத்து, ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டுங்கள். எண்ணெய் மிச்சம் இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டாது. ஒட்டாவிட்டால் தூசி உள்ளே போய்ப் பழையபடி ஆகும். பல ஃபேன்களில் பின்பக்கம் முழுக்க மூடியிருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள்.

தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். ஊஞ்சல் சங்கிலிக்கு விடுவது போல விட்டுக்கொண்டு வருகிறார்கள். சூட்டில் அது நாளடைவில் பிசின் போல இறுகிவிடும். டபிள்யூடி-40 அடிப்பதும் தப்பு. அது இருக்கிற எண்ணெய்ப் பசையையும் கரைத்து எடுத்துக்கொண்டு போகும்.

எண்ணெய் விடுவது புது ஃபேன் வந்து சேரும் வரைக்கும்தான். அச்சு ஏற்கெனவே தேய்ந்திருந்தால் அதுவும் பலிக்காது.

ஃபேன் மட்டும் மாற்றினால் போதுமா, ஹீட்சிங்கையும் மாற்ற வேண்டுமா?

ஹீட்சிங்க் என்பது உலோகக் கட்டி, தகடுகள், சிலவற்றில் காப்பர் பைப். அதில் ஓடும் பாகம் எதுவும் இல்லை என்பதால் லேசில் பழுதாகாது. ஃபேனை மாற்றி, சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பேஸ்ட்டைப் புதிதாகப் போட்டால் பெரும்பாலான கார்டுகளுக்கு வேலை முடிந்தது.

ஹீட்சிங்க் மாற்ற வேண்டி வரும் சந்தர்ப்பங்கள் சில உண்டு. பழைய கார்டுகளில் ஹீட்சிங்கைப் பிடித்து நிற்கும் பிளாஸ்டிக் பின்கள் சூட்டில் நொறுங்கி ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். பின் மட்டும் கிடைத்தால் அதோடு சரி. தொண்டி, மீமிசல் பக்கமிருந்து வரும் கார்டுகளில் உப்புக்காற்று பட்டு அலுமினியத் தகடு வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து உதிர்வதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, காப்பர் பைப் நசுங்கியோ ஓட்டை விழுந்தோ போவது. அந்தப் பைப் கெட்டிக் கம்பி அல்ல. உள்ளே காற்றை எடுத்துவிட்டுச் சில சொட்டு நீர்மம் வைத்து மூடியிருப்பார்கள். சூடான முனையில் அது ஆவியாகி, ஆறின முனையில் நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பி வரும். நசுங்கினால் அந்த ஓட்டம் தடைபடும், ஓட்டை விழுந்தால் வெற்றுக் குழாய்தான். பேஸ்ட் புதிதாகப் போட்டு, ஸ்க்ரூ எல்லாம் சரியாக இருக்கும்போது, அடிப்பகுதி கொதிக்கிறது, தகடுகளின் ஓரம் ஜில்லென்று இருக்கிறது என்றால் பைப்பைச் சந்தேகப்படுங்கள்.

எந்த ஃபேன் வாங்க வேண்டும்? கார்டின் பெயரைச் சொன்னால் போதாதா?

போதாது. ஒரே ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-யை ஐந்தாறு கம்பெனிகள் ஐந்தாறு விதமாகச் செய்திருக்கின்றன. ஒரே கம்பெனியே ஒற்றை ஃபேன், இரட்டை ஃபேன் என்று விற்றிருக்கிறது. ஃபேனைக் கழற்றி அதன் முதுகில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். அங்கே ஃபேனின் மாடல் எண் இருக்கும், அதுதான் முகவரி. அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் நேராக அதே ஃபேன் கிடைக்கும். பக்கத்தில் 12 வோல்ட், இத்தனை ஆம்பியர் என்றும் இருக்கும். புது ஃபேனின் ஆம்பியர் அதைவிடக் கூடக்கூடாது.

ஸ்டிக்கர் அழிந்துவிட்டதா? அப்போது ஸ்கேல் எடுங்கள். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து எதிர் நுனி வரை அளவு. ஃபேனைப் பிடிக்கும் ஸ்க்ரூ துளைகளுக்கு நடுவே உள்ள தூரம், ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு. ஃபேனின் உயரம். வயர் எத்தனை, கனெக்டரில் பின் எத்தனை. இறக்கை எந்தப் பக்கம் சுற்றுகிறது. இரட்டை ஃபேன் கார்டுகள் சிலவற்றில் ஒன்று வலமாகவும் ஒன்று இடமாகவும் சுற்றும். இதையும் கவனித்து அதே மாதிரி வாங்குங்கள்.

பின் எண்ணிக்கையும் முக்கியம். இரண்டு என்றால் மின்சாரம் மட்டும். மூன்றாவது பெரும்பாலும் ஃபேன் எவ்வளவு வேகம் சுற்றுகிறது என்று கார்டுக்குச் சொல்லும். நான்காவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் சொல்லும் உத்தரவு. வயர் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது.

இரட்டை ஃபேனில் ஒன்று போயிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே நாளில் பிறந்து ஒரே அளவு ஓடியவை.

காரைக்குடியில் கிடைக்குமா?

கல்லுக்கட்டி, செக்காலை ரோடு பக்கம் கேபினெட் ஃபேன், பேஸ்ட் வாங்கிவிடலாம். கார்டுக்கென்றே உள்ள ஃபேன் கடையில் இருப்பு இருப்பது அபூர்வம். மாடல் எண்ணை வைத்து ஆன்லைனில் வரவழைப்பதுதான் சுலபம். சென்னைக்குப் போகிறவர்கள் இருந்தால் ரிச்சி தெருவுக்குப் பழைய ஃபேனையே கொடுத்துவிடுங்கள். போட்டோ மட்டும் அனுப்பினால் கிட்டத்தட்ட அதே போல ஒன்று வந்து சேரும், துளை மட்டும் பொருந்தாது.

வாரண்டி இருக்கிறது. கழற்றலாமா?

வேண்டாம். இங்கே பெரும்பாலான கார்டுகளுக்கு 3 வருடம் வாரண்டி. பில்லைத் தேடி எடுத்து, வாங்கின கடை வழியாக அனுப்புங்கள். ஸ்க்ரூ மேல் ஒட்டியிருக்கும் சின்ன வட்ட ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டால் பிறகு வாதாட வேண்டியிருக்கும்.

சரி, பிரிக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது?

மெயின் சுவிட்சை அணைத்து, பவர் கேபிளை உருவி, கேபினெட்டின் பவர் பட்டனை ஒருமுறை அழுத்திவிடுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். கார்டுக்குத் தனி பவர் வயர் இருந்தால் கிளிப்பை அழுத்திக் கழற்றுங்கள். பின்பக்க ஸ்க்ரூ, அப்புறம் மதர்போர்டு ஸ்லாட்டின் கோடியில் உள்ள தாழ்ப்பாள். தாழ்ப்பாளை அழுத்தாமல் கார்டை இழுத்தால் ஸ்லாட் பெயர்ந்து வரும்.

வேலை செய்யும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்போட்ட அந்தத் தரையில் எள் அளவு கறுப்பு ஸ்க்ரூ விழுந்தால் கண்ணுக்கு அகப்படாது. மேஜை மேல் பழைய வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பல்லாங்குழி இருந்தால் எடுத்து வையுங்கள். பதினான்கு குழி. ஹீட்சிங்க் ஸ்க்ரூ ஒரு குழி, மூடி ஸ்க்ரூ ஒரு குழி, ஃபேன் ஸ்க்ரூ ஒரு குழி என்று போட்டால் கலக்காது. இது நான் பள்ளத்தூரில் ஒரு ஆச்சி வீட்டில் கற்றது. பேரனின் கார்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவர்களே உள்ளேயிருந்து கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் இடத்தில் போட்டு முறுக்கினால் நுனி போர்டைக் குத்திவிடும், அதனால் இந்த ஒழுங்கு அவசியம்.

சில கார்டுகளில் மூடியைக் கழற்றினாலே ஃபேன் வந்துவிடும், ஹீட்சிங்கைத் தொட வேண்டியதில்லை. பலவற்றில் ஹீட்சிங்கைப் போர்டிலிருந்து பிரித்த பிறகுதான் ஃபேனின் ஸ்க்ரூ கண்ணில் படும். சிப்பைச் சுற்றிப் பின்பக்கம் நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூ இருக்கும். ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒவ்வொன்றிலும் அரைச் சுற்று, குறுக்கே உள்ளதில் அரைச் சுற்று என்று மாறி மாறித் தளர்த்துங்கள். காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டிருந்தால் நெம்பாதீர்கள். ஹீட்சிங்கை இடமும் வலமும் லேசாகத் திருகினால் விட்டுக்கொடுக்கும். அதுவும் நடக்கவில்லையென்றால் கார்டை மாட்டி ஐந்து நிமிடம் ஓட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போது மறுபடி முயலுங்கள்.

பிரிந்ததும் சட்டென்று தூக்கிவிடக் கூடாது. ஃபேன் வயர் போர்டோடு இணைந்திருக்கும். கனெக்டரின் வெள்ளைப் பிளாஸ்டிக்கை ட்வீசரால் இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல மெல்ல மேலே எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் அப்படி இழுத்து, போர்டில் உள்ள சாக்கெட்டே பெயர்ந்து வந்துவிட்டது. அடுத்தவர் பொருள். அதைத் திரும்பப் பற்றவைத்து முடிக்கும் வரை அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பேஸ்ட் எவ்வளவு போட வேண்டும்? பேட்?

பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட டிஷ்யூவால் துடைத்து எடுங்கள். சிப் கண்ணாடி போல உங்கள் முகம் தெரியும் அளவுக்குச் சுத்தமாக வேண்டும். ஓரங்களுக்குக் காது குடையும் பட்ஸ்.

கிராபிக்ஸ் சிப்புக்கு பிராசஸர் போல மேல்மூடி கிடையாது, வெறும் சிலிக்கான். ஏதாவது ஒரு மூலையில் பேஸ்ட் எட்டவில்லையென்றால் அந்த மூலை வெந்துவிடும். அதனால் துவரம்பருப்பு அளவு வைத்து, பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் சிப் முழுக்க மெல்லிசாகப் பரப்புங்கள். கொஞ்சம் கூடினால் பக்கவாட்டில் பிதுங்கும், மின்சாரம் கடத்தாத பேஸ்ட் என்றால் கேடில்லை. குறைந்தால்தான் கேடு.

பேட் என்பது மெமரிச் சிப்புகள் மேலும், மின்சாரத்தைச் சீராக்கும் பாகங்கள் மேலும் ஒட்டியிருக்கும் ரப்பர் போன்ற பட்டை. கிழியாமல் இருந்தால் அப்படியே விடலாம். கிழிந்திருந்தால் அதே தடிமன்தான் வாங்க வேண்டும். அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் என்று வரும். பழையதில் அமுங்காத ஓரத்தை அளந்து பாருங்கள். தடிமன் கூடினால் ஹீட்சிங்க் சிப்பின் மேல் உட்காராது. குறைந்தால் மெமரியை எட்டாது. பேட்டுக்குப் பதில் பேஸ்ட்டைக் குழைத்து அப்பி வைத்திருந்த கார்டு ஒன்று வந்தது, அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது.

மாட்டும்போது பழையபடி குறுக்கு வரிசை, அரை அரைச் சுற்று. ஸ்க்ரூ தானாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் முறுக்கினால் சிப்பின் மூலை உடையும்.

ஹீட்சிங்கின் காப்பர் அடிப்பகுதி கறுத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம். அந்தக் கறுப்பு மிக மெல்லிய படலம், சூடு கடப்பதைத் தடுக்காது. பித்தளைக் குடத்தைத் துலக்குவது போலத் தேய்த்தால் புளிப்பும் நாரும் தகடுகளுக்குள் தங்கும். அழுக்கு அதிகம் என்றால் ஃபேன், பேட் எல்லாம் எடுத்துவிட்டு ஹீட்சிங்கை மட்டும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) போட்டால் இன்னும் குளிருமாமே?

அதில் இருப்பது காலியம். அலுமினியத்தில் பட்டால் அதை உள்ளேயே அரித்து மொறமொறவென்று ஆக்கிவிடும். மலிவு விலைக் கார்டுகளின் ஹீட்சிங்க் பல நேரம் முழு அலுமினியம். தவிர அது மின்சாரம் கடத்தும், ஒரு சொட்டு ஓடி விழுந்தால் கார்டு முடிந்தது. உலோகம் அரிப்பதையும் ஆராய்கிற செக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் ஊரிலேயே இருக்கிறது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம். மண்டபத்தில் கடற்காற்றில் உலோகங்களை வைத்துச் சோதிக்க நிலையம் நடத்துகிறார்கள். அங்கே படிக்கிற பிள்ளைகள் யாராவது தெரிந்தவர் இருந்தால் இரண்டு உலோகம் சேரும்போது என்ன நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள், என்னைவிட அழகாகச் சொல்வார்கள். சாதாரண பேஸ்ட் நமக்குப் போதும்.

ஹீட்சிங்க்கையே மாற்றுவதென்றால்?

முதல் வழி, அதே கம்பெனி, அதே மாடல், செத்துப்போன கார்டு ஒன்றைத் தேடி வாங்குவது. “டிஸ்ப்ளே வரவில்லை” என்று குறைந்த விலைக்கு விற்பார்கள். அதன் ஹீட்சிங்க், ஃபேன், மூடி, ஸ்க்ரூ எல்லாம் அப்படியே பொருந்தும். என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்கு எப்போதும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

தனியாக விற்கும் ஹீட்சிங்க் வாங்குவதானால் சிப்பைச் சுற்றியுள்ள நான்கு துளைகளின் மையத்துக்கு மையம் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 43 மில்லிமீட்டர், 53 மில்லிமீட்டர் என்று பல அளவு உண்டு. அப்புறம் சிப்பின் பக்கத்தில் நிற்கும் உயரமான பாகங்கள் ஹீட்சிங்கில் இடிக்குமா என்று பாருங்கள். பலர் மறப்பது இன்னொன்று: பழைய ஹீட்சிங்க் மெமரியையும் மின்சாரம் சீராக்கும் பாகங்களையும் சேர்த்துக் குளிர்வித்திருக்கும். புதியது சிப்பை மட்டும் தொடும். அந்தப் பாகங்களுக்குச் சின்னச் சின்ன அலுமினியத் துண்டுகளை வெப்பம் கடத்தும் டேப்பால் ஒட்டி, அவற்றின் மேல் காற்று படும்படி ஃபேன் இருக்க வேண்டும். சிப் 60 டிகிரி காட்டுகிறதே என்று நிம்மதியாக இருப்போம், பக்கத்தில் இந்தப் பாகங்கள் வெந்துகொண்டிருக்கும்.

அந்த ஃபேன் எங்கேயும் கிடைக்கவில்லை. வேறு வழி?

இருக்கிறது, எனக்குப் பிடித்த வழியும் இதுதான். பழைய மூடியையும் ஃபேனையும் எடுத்துவிட்டு, ஹீட்சிங்க் தகடுகளின் மேல் சாதாரண கேபினெட் ஃபேனை வைத்துக் கேபிள் டையால் கட்டிவிடுங்கள். சின்னக் கார்டுக்கு 92 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று போதும். நீளமான கார்டுக்கு இரண்டு. 120 வைத்தால் சத்தம் இன்னும் குறையும், ஆனால் 25 மில்லிமீட்டர் தடிமன் என்பதால் கீழே உள்ள ஸ்லாட்டுகளை மறைக்கும். காற்று ஹீட்சிங்கை நோக்கி அடிக்க வேண்டும். பெரும்பாலான ஃபேன்களில் ஸ்டிக்கர் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியே வரும்.

கேபினெட் ஃபேனின் கனெக்டர் பெரிது, கார்டில் உள்ளது சிறிது, நேராகப் பொருந்தாது. மாற்று வயர் விற்கிறார்கள், அதை மாட்டினால் கார்டே வேகத்தைக் கட்டுப்படுத்தும். வயர் கிடைக்காவிட்டால் ஃபேனை மதர்போர்டில் மாட்டலாம். அப்போது ஒரு சிக்கல்: மதர்போர்டு பிராசஸரின் சூட்டைப் பார்த்துத்தான் ஃபேனை ஓட்டும், கார்டு கொதிப்பது அதற்குத் தெரியாது. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) ஃபேன் வேகத்தை 70, 80 சதவீதம் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். அல்லது ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில், கார்டின் வெப்பநிலையைப் பார்த்து அந்த ஃபேனை ஓட்டு என்று அமைக்கலாம்.

புது ஃபேன் போட்டும் சுற்றவில்லை.

கனெக்டர் முழுசாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், பாதி நேரம் அதுதான். பிறகு ஆஃப்டர்பர்னரில் 100 சதவீதம் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மல்டிமீட்டரில் கார்டின் ஃபேன் சாக்கெட்டை அளக்க வேண்டும். 12 வோல்ட் வரவில்லையென்றால் போர்டில்தான் கோளாறு. அதைத் தேடிக்கொண்டு போகாமல், மேலே சொன்னது போல ஒரு கேபினெட் ஃபேனைக் கட்டி மதர்போர்டில் மாட்டினாலும் கார்டு பிழைத்துவிடும்.

எல்லாம் சரி, ஆனால் படமே வரவில்லை. ஓவனில் வைத்தால் வரும் என்கிறார்களே?

கார்டு ஸ்லாட்டில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா, பவர் வயரை மாட்டினீர்களா, மானிட்டர் கேபிள் கார்டிலா மதர்போர்டிலா என்று பாருங்கள். ஓவன் வேண்டாம். சிலருக்குச் சில நாள் படம் வந்திருக்கலாம், அது குணமானதாகாது. சமைக்கும் அடுப்பில் போர்டைச் சுடவைத்தால் வரும் புகை வீட்டில் உள்ளவர்களுக்குக் கெடுதல்.

பழைய செட்டிநாட்டு வீடு. கம்ப்யூட்டரை எங்கே வைப்பது?

வளவை (உள் முற்றத்துக் கட்டை) சுற்றியுள்ள அறைகள் பெட்டகம் வைக்கக் கட்டியவை. சுவர் தடிமன், ஜன்னல் குறைவு. கதவைச் சாத்தினால் கம்ப்யூட்டர் விடும் சூடு அங்கேயே சுழலும். அறைக்குள்தான் வைக்க வேண்டும் என்றால் கதவைத் திறந்து வையுங்கள். பட்டாலைப் பக்கம் வைத்தால் காற்றோட்டம் நன்று. முற்றத்தை ஒட்டி வைக்காதீர்கள், சாரலும் புறா எச்சமும் வரும். சுண்ணாம்புக் காரை உதிரும் கூரைக்குக் கீழேயும் வேண்டாம்.

தரையிலிருந்து ஒரு ஸ்டூல் உயரம் தூக்கி வையுங்கள். செம்மண் தூசி தரையோடுதான் ஓடும், கழுவித் துடைக்கும்போது தண்ணீரும் தெறிக்கும். கேபினெட்டுக்குள் காற்று போகும் வழிக்கு நம் வீட்டையே பாருங்கள். முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேராகத் தெரியும். கேபினெட்டிலும் முன்னால் ஒரு ஃபேன் உள்ளே இழுத்து, பின்னால் ஒரு ஃபேன் வெளியே தள்ளி, நடுவில் வயர் குறுக்கே தொங்காமல் இருந்தால் கார்டின் ஃபேன் பாதி வேகத்தில் ஓடினாலே போதும்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அதிவேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும்.

செகண்ட் ஹாண்ட் கார்டு வாங்கினேன், ஒரு மாதத்தில் ஃபேன் போய்விட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

எத்தீரியம் என்ற இணைய நாணய அமைப்பின் ஈதர் நாணயத்தைக் கணக்குப் போட்டு எடுக்க இரவு பகலாக ஓட்டப்பட்ட கார்டாக இருக்கலாம். 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் தன் முறையை மாற்றியதும் கார்டுகளின் வேலை முடிந்துபோய், ஆர்எக்ஸ் 580 போன்றவை மொத்தமாகப் பழைய சந்தைக்கு வந்தன. வருடக்கணக்காக நிற்காமல் ஓடியதால் அவற்றில் முதலில் போவது ஃபேன், அடுத்தது காய்ந்த பேஸ்ட். இரண்டையும் மாற்றினால் நன்றாக ஓடுகிற கார்டுகளை நானே பொருத்தியிருக்கிறேன். வாங்கும்போதே ஃபேன் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

கழற்றிய பழைய ஃபேனைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கனெக்டரோடு வயரை மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்து வையுங்கள். கார்டில் மாட்டும் அந்தச் சின்ன வெள்ளைக் கனெக்டர் தனியாக நம் ஊர்க் கடையில் லேசில் கிடைக்காது. நாளைக்குக் கேபினெட் ஃபேனைக் கார்டில் மாட்ட வேண்டி வந்தால், இந்த வயரை அதோடு பற்றவைத்து மாற்று வயர் செய்துகொள்ளலாம். எந்த வயர் 12 வோல்ட், எது கிரவுண்ட் என்று மல்டிமீட்டரில் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதோடு சுற்றி வையுங்கள். ஃபேனின் மூன்று ஸ்க்ரூவையும் விடாதீர்கள், புது ஃபேனோடு பல நேரம் ஸ்க்ரூ வராது.